மூன்றும் இரண்டும்

மூன்று ஒலிகளில் இரண்டை முடித்துக் காலையிலேயே அனுப்பிவிட்டாள் சுபாஷிணி. மூன்றாவதுதான் மிச்சம். வடவள்ளியில் அவள் வீட்டு மாடியறை, சுவரெல்லாம் கறுப்பு ஸ்பஞ்ச் ஒட்டிய பத்துக்குப் பன்னிரண்டு அறை. மேலே மொட்டைத் தளத்தில் பங்குனி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஏ.சி. இரைச்சல் காதுக்குக் குறுக்கே வருகிறதென்று அதையும் அணைத்துவிட்டு, சிந்தசைசரின் முன்னால் வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தாள். மணி இரண்டுகூட ஆகவில்லை. குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதயத் துடிப்பையும் மூச்சையும் கோடு கோடாக ஓட்டிக் காட்டுகிற மானிட்டர், அதைச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்காக மலிவில் செய்கிற ஒரு புதுக் கம்பெனி காளப்பட்டியில் இருந்தது. அந்த மானிட்டர் போட வேண்டிய சத்தங்களைத்தான் அவளிடம் கேட்டிருந்தார்கள். ஒன்று, ஒயர் கழன்றிருக்கிறது, வந்து மாட்டு. இரண்டாவது, கொஞ்சம் கவனி. மூன்றாவது, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வா. அவள் லிஃப்ட் கம்பெனிக்குச் செய்துகொடுத்த கதவு மூடும் மணியோசையைக் கேட்டுவிட்டு விசாரித்துக்கொண்டு வந்தவர் நவநீதன் என்கிற மேனேஜர். இவளுக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு ஒரு வாக்கியம் வேண்டும், அந்த வாக்கியத்தை மூன்று வருடமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்வதைவிட மூன்று சத்தத்தைச் செய்துகொடுப்பது சுலபம் என்று அப்போது தோன்றிற்று. சரிங்க, செஞ்சு தர்றேன் என்றாள்.

எதுவும் இல்லாத இடத்திலிருந்து தொடங்குவது அவள் வழக்கம். மிஷினுக்குள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் ஒலிகள் இருக்கின்றன, ஒன்றை எடுத்து நாலு குமிழைத் திருகினால் அரை மணியில் வேலை முடிந்துவிடும். அவள் அப்படிச் செய்வதில்லை. எல்லாவற்றையும் அணைத்து, சத்தத்தைப் பிறப்பிக்கிற ஆசிலேட்டர் ஒன்றை மட்டும் விட்டுவைத்து, ஒரு கட்டையின் மேல் ஒரு விரலை வைத்தாள். சைன் அலை. வழுவழுவென்று, எண்ணெய் தடவின மாதிரி, கசடே இல்லாத ஒரு ஊளை. முதல் இரண்டு நாளும் இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், ஏனென்றால் இது யாரையும் பயமுறுத்தாது. ஆனால் இது எங்கிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இடது பக்கமா வலது பக்கமா என்று சொல்ல முடியாது. திசை தெரிய வேண்டுமென்றால் ஒரு சுரத்துக்கு மேலே இன்னொன்று, அதற்கு மேலே இன்னொன்று என்று கிளை ஒலிகள் அடுக்கடுக்காக இருக்க வேண்டும், அந்தக் கிளைகளைப் பிடித்துக்கொண்டுதான் காது இடத்தைக் கண்டுபிடிக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் பையன் கிடந்த வார்டில் எட்டுப் பெட்டிகள் இருந்தன. ஒன்று கத்தினால் எட்டுத் தாய்களும் தலையைத் தூக்குவார்கள். தன் பெட்டி இல்லை என்று தெரிந்ததும் ஏழு பேர் மூச்சு விடுவார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தியாக இருக்கிற நிம்மதி இருக்கிறதே, அதைவிடக் கேவலமான நிம்மதி உலகத்தில் கிடையாது. மூன்றாவது பெட்டிக்காரி, பொங்கலூர்ப் பெண், இவளைவிட ஆறேழு வயது சின்னவள், அவளுடைய மானிட்டர் கத்தி அவள் எழுந்து ஓடியபோது சுபாஷிணி மடியில் கிடந்த பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தப் பிஸ்கட்டின் ருசி இப்போதும் நாக்கில் இருக்கிறது. அவள் அலையை மாற்றினாள். ரம்பப் பல் அலை. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி அறை முழுக்கக் குடைந்தது. இதில் எல்லாக் கிளையும் இருக்கிறது. இதுதான் வேண்டும், இதுவேதான் வேண்டாம்.

ஐந்து துடிப்பு. மூன்று, சின்ன இடைவெளி, இரண்டு. டிங் டிங் டிங், டிங் டிங். அதை மாற்ற அவளுக்கு அனுமதியில்லை, உலகம் முழுக்க அந்தக் கணக்குத்தான் என்று நவநீதன் அனுப்பிய தாளில் போட்டிருந்தது. மாற்றச் சொன்னாலும் அவளால் மாற்ற முடியாது, அது அவள் நடையிலேயே ஏறிவிட்டது, மாடிப்படி இறங்கும்போது மூன்று படி இறங்கி ஒரு கணம் நின்று இரண்டு படி இறங்குகிறோமோ என்று ஒரு நாள் சந்தேகம் வந்து, வேண்டுமென்றே தடதடவென்று ஓடி இறங்கினாள். பிரசவமான முதல் நாள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்து வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். வயிற்றில் தையல் இழுத்தது. கதவு திறந்ததும் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டாள். பதினைந்து வருடமாகச் சத்தத்தோடு பிழைக்கிறவள், அது எந்தச் சுருதி என்று மனது தானாகவே அளந்துவிட்டது. இந்த மிஷின் ரெண்டரைக் கட்டையில கத்துதுங்க என்று புருஷனிடம் சொன்னாள். கிருபாகரன் அவள் பக்கம் குனிந்து, உம் பையனுக்குப் பாட்டு வாத்தியார் இப்பவே வந்தாச்சு என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பத்தொன்பது நாளில் அங்கே சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு கண்ணாடிக்குள் பார்த்தாள். ஒரு முழங்கை நீளம்கூட இல்லை. காலில் ஒரு பட்டை, அதில் பேபி ஆஃப் சுபாஷிணி. பெயர் வைக்கவில்லை, இருபத்தெட்டு வாரத்தில் வருவான் என்று யார் கண்டது. கடைசி வரை அவன் அதுவாகவே இருந்தான், பேபி ஆஃப் சுபாஷிணி, சர்டிபிகேட்டிலும் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

சத்தத்தை வடிகட்டுகிற ஃபில்டரின் கட்டாஃப் குமிழைப் பிடித்து மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். மேல் கிளைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வண்டின் இறக்கை போயிற்று, தகரம் போயிற்று, கூர்மை போயிற்று, அடியில் இருக்கிற சதைப்பற்றான ஒரு முனகல் மட்டும் நின்றது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் யாரோ அந்த ஒலியின் மேல் ஒரு கதவைச் சாத்தின மாதிரி ஆகிவிடும். திருப்பினாள். சாத்தினாற்போலத்தான் ஆயிற்று. சட்டென்று கையை எடுத்தாள். வேறு எதையாவது நினைக்க வேண்டும். லிஃப்ட் மணியோசையை நினைத்தாள், அதை எவ்வளவு சுலபமாகச் செய்தோம், இரண்டு சுரம், மேலிருந்து கீழே, கதவு மூடுகிறது. கதவு. வேண்டாம், வேறு. வேன் பின்னால் போகும்போது பாடுகிற பாட்டு ஒன்று செய்தாள், ஒரு ஸ்வீட் கடைக்கு விளம்பர இசை செய்தாள். கீழ் வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள், அந்த இரைச்சலை மனது உடனே அலசியது, மோட்டார் சுற்றுவது, பிளேடு உரசுவது, பாத்திரம் அதிர்வது. மோட்டார். பாலெடுக்கிற பம்புக்கும் ஒரு மோட்டார் இருந்தது, இழுத்து விடும், இழுத்து விடும். எங்கே போனாலும் அங்கேயே கொண்டுவந்து விடுகிறது. ஊரைச் சுற்றி எந்த ரோட்டில் போனாலும் கடைசியில் காந்திபுரம் வந்துவிடுகிற டவுன் பஸ் மாதிரி மனது.

செல்போன் அதிர்ந்தது. நவநீதன். இரண்டு ஒலியும் வந்துசேர்ந்தது, டாக்டர்கள் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார்கள் என்றார். மூன்றாவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் என்று தயங்கினார். பழைய மானிட்டர்களைப் பற்றிப் பெற்றோர்களிடம் எழுதி வாங்கியிருந்தார்களாம்.

"ஒரு அம்மா எழுதியிருந்தாங்க மேடம். குழந்தை வீட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆச்சாம், இன்னும் குக்கர் விசில் வந்தாக்கூட அந்தச் சத்தம்னு நெனச்சு எந்திரிச்சு ஓடறாங்களாம். படிச்சதும் ஒரு மாதிரி ஆயிருச்சு. அதனால எவ்வளவு சாஃப்டாப் பண்ண முடியுமோ அவ்வளவு சாஃப்டா."

பார்க்கிறேன் என்றாள். போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. குழந்தை வீட்டுக்கு வந்து. குழந்தை வீட்டுக்கு வந்து. முகம் தெரியாத அந்தப் பெண் அடுப்படியிலிருந்து ஓடுகிறாள், ஓடிப் போய்ப் பார்க்கிறாள், அங்கே ஆறு மாதக் குழந்தை கவிழ்ந்து படுத்து எச்சில் வழியச் சிரிக்கிறது. ஓடட்டுமே. அப்படி ஓடக் கொடுத்துவைத்திருந்தால் நானும் ஆயுசு முழுக்க ஓடியிருப்பேனே. இப்படி நினைத்ததற்கு உடனே வெட்கமாக இருந்தது. அந்தப் பெண் கேட்டதில் என்ன தப்பு. கொஞ்சம் சாஃப்டாக. நீயும் அதையேதான் கேட்டாய். பதினாறாவது நாள், மத்தியானம், இதே மாதிரி ஒரு இரண்டு மணிக்கு.

இரண்டாவது ஃபில்டரையும் போட்டாள். இந்த மிஷினில் ஃபில்டர் இரண்டு, அவற்றை இரண்டு விதமாக இணைக்கலாம். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பிடித்த சல்லடை மாதிரி முதலாவதில் சலித்து விழுவதை இரண்டாவதில் இன்னொரு தடவை சலிக்கலாம், அது ஒரு வழி. இல்லையென்றால் இரண்டு சல்லடையையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே மாவைப் பாதி இதிலும் பாதி அதிலும் போட்டுச் சலித்துக் கடைசியில் ஒரே பாத்திரத்தில் சேர்க்கலாம். எவ்வளவு சாஃப்டாகப் பண்ண முடியுமோ அவ்வளவு என்றால் முதல் வழிதான். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து இரண்டையும் பாதிக்கு மூடினாள். தொடக்கத்தை மழுக்கினாள், அடித்தாற்போல வராமல் மெல்ல ஊறி வரும்படி. மூன்று, இரண்டு. தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி வந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. தாலாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜெசிந்தா சிஸ்டர் மார்த்தாண்டத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், குள்ளம், எல்லாத் தாய்களையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார். பையனின் கால் பெருவிரலில் மாட்டிய சிவப்பு விளக்குக் கிளிப் அவன் அசைந்தால் நழுவும், நழுவினால் உயிருக்கு ஆபத்தென்று மிஷின் கத்தும், சிஸ்டர் வந்து ஒன்றுமில்லை மக்களே, கிளிப்புதான் என்று மாட்டிவிட்டுப் போவார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. நாற்பது தடவையும் சுபாஷிணி எழுந்து நிற்பாள். பதினாறு நாள் அவள் தொடர்ச்சியாக ஒரு மணி நேரம் தூங்கியதில்லை. வெளியே மரபெஞ்சில் கண்ணயர்ந்தாலும் மூன்று, இரண்டு. பாத்ரூமில் தண்ணீர் திறந்தாலும் மூன்று, இரண்டு. அன்றைக்கு மத்தியானம் வரிசையாக ஏழெட்டு முறை கிளிப் நழுவிற்று. அவன் நன்றாகத்தான் இருந்தான், காலை உதைத்துக்கொண்டிருந்தான், அவன் உதைப்பதுதான் மிஷினுக்குப் பிடிக்கவில்லை. எட்டாவது முறை அவள் எழுந்து சிஸ்டரிடம் போய், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறைக்க முடியுங்களா சிஸ்டர் என்று கேட்டாள். அவ்வளவுதான். ஒரு வாக்கியம். குறைக்கேன் மக்களே, எங்க டெஸ்க்ல தனியா ஒண்ணு சத்தமாக் கேக்கும், அதுனால ஒண்ணும் இல்ல, நீ கொஞ்சம் கண்ண மூடு என்று சொல்லிக்கொண்டே சிஸ்டர் ஒரு பொத்தானை அமுக்கினார், நாலு தடவை. சத்தம் சின்னதாயிற்று. அன்றைக்கு சுபாஷிணி இரண்டரை மணி நேரம் தூங்கினாள். கனவுகூட வரவில்லை. தொண்டைக்குள் குழாய் போட்டிருந்ததால் அவன் அழுது யாரும் கேட்டதில்லை, அவன் குரல் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்கே தெரியாது. அவனுக்காகக் கத்திக்கொண்டிருந்தது அந்த மிஷின் ஒன்றுதான். அதைத்தான் குறைக்கச் சொன்னாள். இந்த எண்ணம் அப்போது வரவில்லை. நாற்பதாம் நாளோ என்னவோ, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது. வந்தது போகவில்லை.

டாக்டர்கள் தெளிவாகத்தான் சொன்னார்கள். குடலில் தொற்று, பதினெட்டாம் நாள் சாயங்காலமே வெளியே தெரியாமல் தொடங்கியிருக்க வேண்டும், குறைமாதக் குழந்தைகளுக்கு வருவதுதான், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. டெஸ்க்கில் சத்தம் கேட்டது, ஒரு வினாடிகூடத் தாமதமில்லாமல் வந்தார்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சத்தத்தைக் குறைத்ததால் அவன் போகவில்லை. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்த இன்னொன்றுதான் யாருக்கும் தெரியாது. பத்தொன்பதாம் நாள் காலை பதினொன்றுக்கு அவள் பக்கத்து அறையில் பாலெடுத்துக்கொண்டிருந்தாள். வார்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவு, தானாகச் சாத்திக்கொள்கிற ஸ்பிரிங் கதவு. பதினாறாம் நாள் வரை அந்தக் கதவைத் தாண்டி மிஷின் சத்தம் வரும். பம்பு இரைச்சலையும் தாண்டி வரும். வந்தால் அவள் பாதியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவாள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அமைதியாக இருந்தது. இழுத்து விடும், இழுத்து விடும். பாட்டிலில் கோடு கோடாக ஏறிற்று, பத்து, பதினைந்து, இருபத்திரண்டு. அதுவரை ஒரு வேளைக்கு இருபதைத் தாண்டியதே இல்லை. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பாட்டிலில் பேரும் தேதியும் மணியும் எழுதி ஒட்டினாள், அழகாக, அவசரமில்லாமல். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். பச்சை கவுன் போட்டுக்கொண்டு கிருபாகரன் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். இவன் எப்போது உள்ளே வந்தான், இது இவன் வரும் நேரமில்லையே என்று நினைத்தாள். ஜெசிந்தா சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். மிஷினை அணைத்திருந்தார்கள்.

அதற்கப்புறம் எட்டு மாதத்தில் கிருபாகரன் ஓசூர் பிளான்ட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அவன் கேட்டு வாங்கினானா, அவர்களாகக் கொடுத்தார்களா என்று அவள் கேட்கவில்லை. மாதம் இரண்டு தடவை வருவான். கீழே டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான், எதைப் போட்டாலும் பார்ப்பான். காய் வாங்கிக்கொண்டு வருவான், மோட்டார் ரிப்பேர் பார்ப்பான், ஒரு கடுஞ்சொல் கிடையாது. இந்த மாடியறைக்கு மட்டும் வருவதில்லை. அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் முகம் எப்படி மாறும் என்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை அழுவான், ஒரு தடவை கை நீட்டி அடிப்பான், ஒரு தடவை அதனாலென்ன சுபா என்பான். அந்த மூன்றாவதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அவள் எழுந்தாள். தண்ணீருக்கு அடியில் கூப்பிடுகிற அந்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடும்படி விட்டு, சத்தத்தைச் சிஸ்டர் அமுக்கின மாதிரி நாலு படி குறைத்து, அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். வராந்தாவைத் தாண்டிக் குளியலறைக்குள் போய் அந்தக் கதவையும் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீர் விழும்படி குழாயைத் திறந்துவிட்டாள். பம்பு இரைச்சலுக்குப் பதில். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. தண்ணீர்தான். இவ்வளவு நன்றாக இருந்த ஒலி ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் செத்துப்போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தாள். இணைப்பை மாற்றினாள், இரண்டு ஃபில்டரையும் பக்கம் பக்கமாக. இடது பாதையில் அடிச் சதையை மட்டும் விட்டாள், பயமுறுத்தாத அந்த முனகல். வலது பாதையில் கீழேயிருப்பதை எல்லாம் தள்ளிவிட்டு மேல் கிளைகளில் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் விட்டாள், வெள்ளி நூல் மாதிரி. மழுக்கிய தொடக்கத்தைக் கொஞ்சம் கூராக்கினாள். கலந்தாள். கீற்றைக் கூட்டினாள், குறைத்தாள். மறுபடி ஓட விட்டு, மறுபடி நாலு படி குறைத்து, கதவைச் சாத்தி, குளியலறைக்குப் போனாள். வாளி நிரம்பி வழிந்தது. கேட்கவில்லை. திரும்பி வந்தாள், கீற்றை ஒரு மயிரிழை கூட்டினாள், ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, நனைந்த காலோடு ஈரத் தரையில் நின்றபோது, தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே, எறும்பு ஊர்கிற மாதிரி, கேட்டது. மூன்று. இரண்டு. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுகூடத் தெரிந்தது. அப்படியானால் முடியும். குறைத்து வைத்தும் கதவைத் தாண்டிக் கேட்கும்படி ஒரு சத்தத்தை ஒருவர் செய்திருக்க முடியும், ஒரு மத்தியான வேலைதான். அவள் குழாயை மூடினாள்.

ஒலியை நவநீதனுக்கு அனுப்பும்போது கூடவே எழுதினாள். இதை இதற்கு மேல் மென்மையாக்க முடியாது, ஆக்கவும் கூடாது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒலியளவைக் குறைப்பதற்கு ஒரு எல்லை வையுங்கள், பக்கத்து அறையில் இருக்கிற அம்மாவுக்கும் கேட்க வேண்டும். கடைசி வரியை எழுதிவிட்டு அழித்தாள், மறுபடி எழுதினாள், அனுப்பினாள். அனுப்பிய கையோடு கிருபாகரனைக் கூப்பிட்டாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுவதே கிடையாது. அதனால் பதறிப்போய்த்தான் எடுத்தான். என்னாச்சு என்றான். பின்னால் பிளான்ட்டு இரைந்தது.

ஒன்றுமில்லை, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். சொன்னாள். பதினாறாம் நாள் மத்தியானம், கிளிப், சிஸ்டரிடம் கேட்டது, பொத்தானை நாலு தடவை அமுக்கியது, இரண்டரை மணி நேரத் தூக்கம், பிறகு அந்தப் பதினொரு மணி. இதற்கு நடுவிலேயே அந்தப் பக்கம் இரைச்சல் குறைந்துவிட்டது, எங்கேயோ வெளியே வந்து நின்றிருக்கிறான். அவள் சொல்லி முடித்தாள்.

"தெரியும் சுபா," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கே தெரியும். நீ எங்கேன்னு கேட்டேன். சிஸ்டர்தான் சொன்னாங்க, அவளே கேட்டு நான் சத்தத்தக் கொறச்சேன், அவளுக்குக் கேட்டிருக்காது, நீங்க இத அவகிட்ட பேசிராதீங்கன்னு."

மூன்று வருடம் என்று அவள் நினைத்தாள். மூன்று வருடம் ஒரே கல்லை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்துகொண்டு எதிரெதிரே நடந்திருக்கிறோம். எம்மேல கோவங்களா என்று கேட்டாள்.

"இருந்துச்சு," என்றான். "அவன் போன அந்த நாலு நிமிஷமும் நான் ஒருத்தனே நின்னேன். அந்தக் கதவு பத்தடிதான். நான் வந்து தட்டியிருக்கலாம். தட்டல. அவன விட்டுட்டு நகர முடியல. தட்டாததுக்கும் சேத்து உன்மேலயே கோவப்பட்டுக்கிட்டேன்."

"இப்பங்க?"

"இப்ப இல்ல. கோவம் போயிருச்சு. போன எடத்துல ஒண்ணும் வரல. அதான் வந்தா டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இத்தனை நாள் யாரிடமும் கேட்க முடியாமல் கிடந்த கேள்வி இப்போது தானாக வாயில் வந்து நின்றது. பையன் கண் திறந்திருந்தானா என்று கேட்டாள். திறந்துதான் இருந்தான் என்றான் கிருபாகரன்.

"உங்களப் பாத்தானுங்களா?"

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போயிற்று.

"பாத்தான்," என்றான்.

அந்த வயதுக் குழந்தைக்கு ஒன்றும் அவ்வளவாகத் தெரியாது என்று இரண்டு பேருக்கும் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. பாத்தான் என்பதை வாங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்தது, அவன் போனை வைத்துவிடவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, இருந்தான். பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். மணி நாலரை ஆயிற்று, போய்ச் சாப்பிடு, போனை வைத்துவிடாதே, நான் இருக்கிறேன் என்றான்.

கீழே வந்தாள். காலையில் வடித்த சோற்றில் தயிரை ஊற்றிப் பிசைந்தாள். செல்போனை ஸ்பீக்கரில் போட்டு உப்புச் சாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டாள். ஓசூரில் எங்கேயோ ஒரு சுவர் ஓரத்தில் நின்றுகொண்டு அவன் மூச்சு விடுவது, உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும், தட்டு காலியாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.